வந்த பதிலைப் படிப்பது

ஒரு சிறிய ஊர் நூலகம். மாலை ஐந்து மணி. மேசைக்கு முன்னால் வந்து நின்ற கல்லூரி மாணவி, "அக்கா, கொற்கை இருக்கா?" என்று கேட்கிறார். நூலகர் தலைப்பைத் தட்டி என்டரை அழுத்துகிறார். திரையில் இரண்டு வரி வருகிறது. 17ஆம் எண் பிரதி அலமாரியில் இருக்கிறது. 42ஆம் எண் பிரதி வெளியே போயிருக்கிறது, அடுத்த செவ்வாய்க்கிழமை திரும்ப வேண்டும். மாணவி அலமாரிப் பக்கம் நடக்கிறார்.

கண் இமைக்கிற நேரத்துக்குள் நடந்து முடிந்த காரியம் இது. நூலகர் தட்டிய சொல் ஒரு புரோகிராமுக்குப் போனது. அந்தப் புரோகிராம் இன்னொரு புரோகிராமிடம், அதாவது டேட்டாபேஸிடம், கேட்டது. டேட்டாபேஸ் பதில் அனுப்பியது. முதல் புரோகிராம் அந்தப் பதிலைப் படித்து இரண்டு வரியாகத் திரையில் போட்டது. கேட்பவரும் சொல்பவரும் வேறு வேறு ஆட்கள். இருவருக்கும் மொழி வேறு, நினைவகம் வேறு, பல நேரங்களில் இருக்கும் ஊரும் வேறு. புரோகிராம் எழுதக் கற்றுத்தரும் வகுப்புகளில் கேள்வி கேட்பதை வாரக்கணக்கில் சொல்லித்தருகிறார்கள். வந்த பதிலைப் படிப்பதற்கு அரை மணி நேரம் ஒதுக்கினால் பெரிது. ஆனால் என் வேலையில் நான் துரத்திப் பிடித்த பிழைகளில் பெரும்பாலானவை அந்த அரை மணி நேரத்துக்குள் அடங்குபவை. டேட்டாபேஸ் சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லியிருக்கும். புரோகிராம் அதில் பாதியைப் படித்துவிட்டு மீதியைக் கீழே போட்டிருக்கும்.

அந்தப் பதில் எப்படி இருக்கும் என்று பக்கத்தில் போய்ப் பார்ப்போம். போஸ்ட்கிரஸ் என்னும் டேட்டாபேஸை எடுத்துக்கொள்கிறேன். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1986ல் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தொடங்கிய ஆராய்ச்சியிலிருந்து வளர்ந்தது. இன்று உலகம் முழுக்க இலவசமாகக் கிடைக்கிறது. வழக்கமாக 5432ஆம் எண் கதவில் காத்திருக்கும். புரோகிராம் அந்தக் கதவைத் தட்டி, தான் யாரென்று சொல்லி, உள்ளே அனுமதி வாங்கியபின் கேள்வியை அனுப்புகிறது. கம்பியில் போவது எழுத்து இல்லை, பைட். ஒவ்வொரு பைட்டும் 0 முதல் 255 வரை ஒரு எண். முதல் பைட் 81 என்றால் 'இது ஒரு கேள்வி' என்று பொருள். அடுத்த நான்கு பைட்டில் கேள்வியின் நீளம். அதன்பின் கேள்வி வாசகம். முடிவில் ஒரு சுழியம்.

பதில் துண்டு துண்டாக வருகிறது. முதல் துண்டு 84 என்ற பைட்டில் தொடங்கும். அதில் பத்திகளின் விவரம் இருக்கும்: எத்தனை பத்தி, ஒவ்வொன்றின் பெயர் என்ன, அதில் இருப்பது எந்த வகைத் தகவல். பிரதி எண் என்பது முழு எண், அதன் வகைக் குறியீடு 23. திரும்ப வேண்டிய நாள் என்பது தேதி, அதன் குறியீடு 1082. அடுத்து 68 என்று தொடங்கும் துண்டுகள், வரிசைக்கு ஒன்று. நம் கேள்விக்கு இரண்டு வரிசை என்பதால் இரண்டு துண்டு. பிறகு 67 என்று தொடங்கும் ஒரு துண்டு, 'செலக்ட் 2' என்ற வாசகத்தோடு வந்து, கேட்டது முடிந்தது, இரண்டு வரிசை கொடுத்தேன் என்று கணக்கு ஒப்பிக்கும். கடைசியாக 90. 'அடுத்த கேள்விக்குத் தயார்.' அந்த 90க்குப் பின்னால் ஒற்றை பைட் ஒன்று ஒட்டிக்கொண்டு வரும். அதைப் பிறகு பார்ப்போம். எனக்கு அதனோடு ஒரு பழைய கணக்கு உண்டு.

17ஆம் பிரதிக்கு வந்த வரிசையை அப்படியே எழுதிக்காட்டுகிறேன்:

68, 0 0 0 16, 0 2, 0 0 0 2, 49 55, 255 255 255 255

68 என்றால் வரிசை. அடுத்த நான்கு பைட், நீளம் 16. அடுத்து, இரண்டு பத்தி. முதல் பத்தியின் நீளம் 2 பைட். அந்த இரண்டு பைட் 49, 55. பதினேழு என்ற எண் இங்கே எண்ணாக வரவில்லை என்பதைக் கவனியுங்கள். '1' என்ற எழுத்தின் குறியீடு 49, '7' என்ற எழுத்தின் குறியீடு 55. கூட்டவோ கழிக்கவோ முடியாத வெறும் எழுத்தாக அது வந்து இறங்குகிறது. முதல் துண்டில் வந்த 23 என்ற வகைக் குறியீட்டைப் பார்த்து, 'ஓ, இது முழு எண்' என்று தெரிந்துகொண்டு அதை எண்ணாக மாற்றுவது புரோகிராம் பக்கத்தில் இருக்கும் டிரைவர் என்னும் சிறு மென்பொருளின் வேலை. வரிசையின் கடைசியில் நான்கு 255 இருக்கின்றன. அந்தப் புத்தகம் யாரிடமும் போகவில்லை, ஆகவே திரும்ப வேண்டிய நாள் என்று ஒன்று இல்லை. 'இல்லை' என்பதைச் சொல்ல அவர்கள் கண்டுபிடித்த வழி, நீளத்தை மைனஸ் ஒன்று என்று அனுப்புவது. நான்கு பைட்டில் மைனஸ் ஒன்றை எழுதினால் நான்கு 255 வரும். நீளம் 0 என்று அனுப்பினால் 'காலியான வாசகம்' என்று பொருளாகிவிடும். காலியாக இருப்பது வேறு, இல்லாமலே இருப்பது வேறு. இந்த வித்தியாசத்துக்காக நான்கு பைட் செலவழித்த மனிதர்கள் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

தொடக்கத்தில் புரோகிராம்கள் இப்படிக் கேட்டுப் பதில் வாங்கவில்லை. 1960களில் டேட்டாபேஸ் என்பது ஒரு காடு. ஒரு பதிவிலிருந்து அடுத்த பதிவுக்குப் போகும் சுட்டியைப் பிடித்துக்கொண்டு, வழி தெரிந்த ஆள் நடந்து போக வேண்டும். அத்தகைய அமைப்புகளின் முன்னோடியான சார்ல்ஸ் பாக்மன் 1973ல் டூரிங் விருது வாங்கினார். அப்போது நிகழ்த்திய உரையில் புரோகிராம் எழுதுபவரை அவர் கடலில் வழி கண்டு செல்லும் மாலுமியாகவே வர்ணித்தார். அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே, 1970ல், எட்கர் காட் என்னும் ஆங்கிலேயக் கணிதவியலர் வேறு திசையைக் காட்டியிருந்தார். இரண்டாம் உலகப் போரில் விமானம் ஓட்டியவர், பிறகு ஐபிஎம்மின் சான் ஹோசே ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர். தகவலை அட்டவணைகளாக வையுங்கள், வேண்டியது என்ன என்று மட்டும் சொல்லுங்கள், வழி தேடுவதை இயந்திரம் பார்த்துக்கொள்ளட்டும் என்றார். அதே ஆய்வுக்கூடத்தில் டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் இந்த எண்ணத்துக்கு ஏற்ற ஒரு மொழியை 1974ல் வெளியிட்டார்கள். முதலில் வைத்த பெயர் சீக்வெல். இங்கிலாந்தின் விமானத் தயாரிப்பு நிறுவனம் ஒன்றுக்கு அந்தப் பெயர் வணிகக்குறியாக இருந்ததால் எஸ்க்யூஎல் என்று சுருங்கியது. பாய்ஸ் அந்த ஆண்டிலேயே இளம் வயதில் இறந்துபோனார். தன் மொழி எங்கெல்லாம் போய்ச் சேர்ந்தது என்று அவர் பார்க்கவில்லை.

காட் காட்டிய வழியில் ஒரு சிக்கல் ஒளிந்திருந்தது. அவருடைய கணிதத்தில் பதில் என்பது ஒரு கணம். பள்ளிக்கூடத்தில் படித்த அதே கணம்தான். அதற்கு முதல், கடைசி கிடையாது, மொத்தமாக ஒரே பொருள். ஆனால் கோபால் போன்ற அந்தக் காலப் புரோகிராம் மொழிகளுக்கு ஒரு நேரத்தில் ஒரு பதிவைத்தான் கையில் பிடிக்கத் தெரியும். குடம் குடமாக வாங்கிப் பழகிய வீட்டுக்கு ஏரியைத் திறந்துவிட்டால் என்ன செய்வது? ஐபிஎம் ஆய்வுக்குழு கண்ட விடைதான் கர்சர். பதில் என்னும் அட்டவணைக்கு மேல் ஒரு விரலை வைத்துக்கொள்வது. 'அடுத்தது' என்றால் விரல் ஒரு வரி இறங்கும், அந்த வரி புரோகிராமின் கைக்கு வரும். பழைய சிலைடு ரூலில் அளவைக் கோட்டின் மேல் நகரும் கண்ணாடித் துண்டுக்கும் கர்சர் என்றுதான் பெயர். இந்த இரண்டு உலகங்கள் பொருந்தாமல் உரசுவதை 1984ல் ஜார்ஜ் கோப்லேண்டும் டேவிட் மையரும், மின்பொறியாளர்களின் சொல்லைக் கடன் வாங்கி, 'இம்பீடன்ஸ் மிஸ்மேட்ச்' என்று எழுதினார்கள். அந்த உரசல் இன்றும் தீரவில்லை.

இந்த விரல் வேலையை மிகத் தெளிவாகப் பார்க்க வேண்டுமானால் உங்கள் செல்பேசியைப் பார்க்க வேண்டும். அதற்குள் எஸ்க்யூலைட் என்றொரு டேட்டாபேஸ் இருக்கிறது. வாட்ஸப் உங்கள் செய்திகளை வைத்திருப்பதும் அதில்தான். ரிச்சர்ட் ஹிப் என்பவர் 2000ஆம் ஆண்டில் எழுதியது. அமெரிக்கக் கடற்படைக் கப்பலுக்கான ஒரு மென்பொருளில் அவர் வேலை செய்துகொண்டிருந்தார். டேட்டாபேஸ் சர்வர் படுத்துவிட்டால் அவருடைய புரோகிராமும் சேர்ந்து படுத்துவிடும். சர்வரே வேண்டாம், புரோகிராமுக்குள்ளேயே டேட்டாபேஸ் இருக்கட்டும் என்று முடிவு செய்தார். அதில் பதிலைப் படிப்பதற்கு 'ஸ்டெப்' என்றொரு ஆணை. ஒரு அடி எடுத்து வை. ஒவ்வொரு அடிக்கும் ஒரு எண் திரும்பி வரும். 100 வந்தால் ஒரு வரிசை தயார். 101 வந்தால் முடிந்தது, இனி வரிசை இல்லை.

'100 வந்துகொண்டிருக்கும்வரை படி' என்று ஒருவர் எழுதிவிடுகிறார் என்று வையுங்கள். பார்க்கச் சரியாகவே இருக்கும். ஆனால் 5 என்றொரு பதிலும் உண்டு. வேறொருவர் இதே கோப்பில் எழுதிக்கொண்டிருக்கிறார், பிறகு வா என்று அதற்குப் பொருள். 5 என்பது 100 இல்லை, ஆகவே சுற்று நின்றுவிடும். புரோகிராம் எல்லாம் படித்தாகிவிட்டது என்று நினைத்துக்கொள்ளும். திரையில் அரைகுறைப் பட்டியலோ வெறும் திரையோ வரும். பிழைச் செய்தி ஒன்றும் வராது. அந்தச் சுற்றை விட்டு வெளியே வந்ததும் '101தானே வந்தது?' என்று ஒரு வரி கேட்டிருந்தால் போதும்.

இனி அந்த நூலகத்துக்குத் திரும்புகிறேன். வேலைக்குச் சேர்ந்த சில ஆண்டுகளில் இப்படி ஒரு நூலகத்துக்கு இரவல் கணக்கு வைக்கும் புரோகிராமை நான் எழுதிக்கொடுத்தேன். கொற்கை நாவலை உதாரணமாக எடுத்ததற்குக் காரணம் உண்டு. 2013ல் சாகித்ய அகாதெமி விருது பெற்ற அந்த நாவலை எழுதியவர் ஜோ டி குரூஸ். ஆங்கிலத்தில் அவர் பெயரை எழுதும்போது 'டி'க்கும் 'குரூஸ்' என்பதற்கும் நடுவில் ஒரு ஒற்றை மேற்கோள்குறி வரும். நூலகத்தில் தமிழ் எழுத்தில் ஒருமுறை, ஆங்கில எழுத்தில் ஒருமுறை என்று ஆசிரியர் பெயரை இரண்டாகப் பதிந்தோம். ஆங்கிலத்தில் அவர் பெயரைத் தேடிய நிமிடத்தில் புரோகிராம் விழுந்தது.

காரணம் எளிது. நான் கேள்வியை ஒட்டுப்போட்டுத் தயாரித்திருந்தேன். 'ஆசிரியர் =' என்று எழுதி, ஒரு மேற்கோள்குறி போட்டு, நூலகர் தட்டிய பெயரை நடுவில் செருகி, இன்னொரு மேற்கோள்குறியால் மூடுவேன். எஸ்க்யூஎல்லில் வாசகம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை அந்தக் குறிதான் சொல்கிறது. பெயருக்குள்ளேயே ஒரு குறி இருந்ததும், டேட்டாபேஸ் 'டி' என்பதோடு ஆசிரியர் பெயர் முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டது. மீதமிருந்த 'குரூஸ்' அதற்கு ஒரு புரியாத கட்டளை. ஒரு நல்ல எழுத்தாளரின் பெயர் என் கேள்வியை உடைத்தது.

உடைந்தால் பரவாயில்லை. உடையாமல் வேறு கேள்வியாக மாறிவிட்டால்தான் ஆபத்து. பெயர் கேட்கும் கட்டத்தில் ஒருவர் வேண்டுமென்றே ஒரு மேற்கோள்குறி போட்டு, அதன்பின் 'அல்லது 1 = 1' என்ற பொருள் வரும்படி எஸ்க்யூஎல்லில் எழுதினால், கேள்வியின் பொருள் 'இந்தப் பெயர் உள்ளவர் அல்லது யாராக இருந்தாலும் சரி' என்று ஆகிவிடும். ஒரு உறுப்பினரின் விவரம் கேட்ட இடத்தில் எல்லா உறுப்பினர் விவரமும் கொட்டும். 1998 டிசம்பரில் 'ஃபிராக்' என்னும் மின்னிதழின் 54ஆம் இதழில் ஜெஃப் ஃபாரிஸ்டல், 'ரெயின் ஃபாரஸ்ட் பப்பி' என்ற புனைபெயரில், இந்த வித்தையை விளக்கி எழுதினார். அதன்பின் எத்தனையோ நிறுவனங்களின் தகவல் இந்த வழியாகத்தான் வெளியே போயிருக்கிறது.

தீர்வு போஸ்ட்கிரஸின் அந்தப் பைட் உரையாடலிலேயே இருக்கிறது. 81 என்று ஒரே மூச்சில் கேட்காமல், கேள்வியை மூன்றாகப் பிரித்து அனுப்பலாம். முதலில் 80: கேள்வியின் வடிவம் மட்டும், பெயர் வர வேண்டிய இடத்தில் ஒரு வெற்றிடக் குறி. டேட்டாபேஸ் அதை இலக்கணப்படி பிரித்து, இது என்ன கேள்வி என்று முடிவு செய்துவிடும். பிறகு 66: வெற்றிடத்தில் வைக்க வேண்டிய சொல், அதன் நீளத்தோடு. கடைசியாக 69: இப்போது நடத்து. பொருள் முடிவான பிறகு வந்து சேரும் சொல்லில் எத்தனை மேற்கோள்குறி இருந்தாலும் அது வெறும் சொல்தான். நீளம் முன்கூட்டியே சொல்லப்பட்டிருப்பதால் எங்கே முடிகிறது என்று குறியைத் தேட வேண்டிய அவசியமும் இல்லை. எந்த மொழியில் எழுதினாலும் டிரைவர் இந்த வசதியைக் கொடுக்கும், ஒரு வரிகூட அதிகம் எழுத வேண்டாம். ஒட்டுப்போட்டுக் கேள்வி தயாரிக்கும் பழக்கத்தை இளைஞர்களிடம் பார்க்கும்போதெல்லாம் நான் உட்கார்ந்து இந்த மூன்று எண்ணையும் எழுதிக்காட்டுவேன்.

கொற்கை இன்னொரு பாடமும் கற்றுக்கொடுத்தது. முதலில் நான் மைஎஸ்க்யூஎல் என்னும் டேட்டாபேஸில் தொடங்கியிருந்தேன். ஸ்வீடனில் பிறந்த டேட்டாபேஸ் அது. 2018ல் எட்டாம் பதிப்பு வரும்வரை, நாம் எதுவும் சொல்லாவிட்டால் மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான குறியீட்டைத்தான் எடுத்துக்கொள்ளும். வார்த்தைகளை ஸ்வீடன் நாட்டு அகரவரிசையில் அடுக்கும். நான் எதுவும் சொல்லவில்லை. கொற்கை என்று பதிந்தேன். திரும்பக் கேட்டபோது வந்தது ஆறு கேள்விக்குறி: ??????

மூன்றெழுத்துத் தலைப்புக்கு ஏன் ஆறு? நம் கண்ணுக்குக் கொ, ற், கை என்று மூன்று. கணினிக்கு க, ஒகரக்குறி, ற, புள்ளி, க, ஐகாரக்குறி என்று ஆறு. ஐரோப்பியக் குறியீட்டில் இந்த ஆறில் எதற்கும் இடம் இல்லை, ஆகவே தலைக்கு ஒரு கேள்விக்குறி. யூடிஎஃப்-8 முறையில் சேமித்திருந்தால் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், மொத்தம் 18. கேள்விக்குறியாக உள்ளே போனது மறுபடி கொற்கையாக வெளியே வராது, சேமித்த நிமிடத்திலேயே பெயர் அழிந்துவிட்டது. இதில் என்னை உறுத்தியது வேறு. ஒவ்வொரு முறை பதியும்போதும் மைஎஸ்க்யூஎல் அனுப்பிய பதிலில் 'சரி' என்பதோடு இன்னொரு எண்ணும் வந்துகொண்டிருந்தது. எச்சரிக்கை: 1. உன் எழுத்து எனக்குப் பொருந்தவில்லை என்று அது ஒவ்வொரு தடவையும் சொல்லியிருக்கிறது. என் புரோகிராம் 'சரி'யை மட்டும் படித்துவிட்டு நகர்ந்தது. நூற்றுக்கணக்கான தலைப்புகளை மறுபடி தட்டச்சு செய்தோம். அதன்பின் போஸ்ட்கிரஸுக்கு மாறினோம்.

நான்கு 255களாக வந்த அந்த 'இல்லை'க்கு வருகிறேன். இதற்கு நல் என்று பெயர். எஸ்க்யூஎல்லில் நல் என்றால் பூஜ்யமும் இல்லை, வெற்றிடமும் இல்லை. 'தெரியாது' என்பதற்குக் கிட்டத்தில் வரும். தெரியாத ஒன்றை 17க்குச் சமமா என்று கேட்டால் ஆம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. பதிலும் 'தெரியாது'தான். ஆம், இல்லை, தெரியாது என்று மூன்று விடை கொண்ட தர்க்கம் இது. புரோகிராம் மொழிகளிலோ பெரும்பாலும் இரண்டே விடை. மூன்று வாசல் உள்ள வீட்டிலிருந்து இரண்டு வாசல் உள்ள வீட்டுக்குச் சாமான் மாற்றுவதுபோல, ஒவ்வொரு முறை படிக்கும்போதும் ஏதோ ஒன்று இடிக்கும்.

நூலகர் ஒருநாள் கேட்டார்: "தம்பி, யாருமே எடுக்காத புத்தகம் எதெதுன்னு ஒரு லிஸ்ட் கிடைக்குமா? ஒரு அலமாரி காலி பண்ணணும்." இரவல் அட்டவணையில் இல்லாத புத்தக எண்களையெல்லாம் கொடு என்று கேள்வி எழுதினேன். பதில்: பூஜ்யம் வரிசை. எல்லாப் புத்தகத்தையும் யாராவது எடுத்திருக்கிறார்களா? நூலகருக்கே நம்பிக்கை வரவில்லை. "மேல் தட்டுல தூசி படிஞ்சு கிடக்குதேப்பா" என்றார். தேடியபோது கிடைத்தது ஒரே ஒரு வரிசை. எண் ஒட்டாத ஒரு வார இதழை யாரோ வாங்கிப் போயிருந்தார்கள், அந்த இரவலில் புத்தக எண் இருக்க வேண்டிய இடத்தில் நல். இப்போது டேட்டாபேஸின் பக்கத்தில் இருந்து யோசியுங்கள். 300ஆம் எண் புத்தகம் இந்தப் பட்டியலில் இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியுமா? பட்டியலில் ஒரு எண் தெரியவில்லையே, அது 300ஆகவும் இருக்கலாமே. ஆகவே 'தெரியாது'. 301க்கும் அதே பதில். 'ஆம்' என்று உறுதியானதை மட்டுமே அது அனுப்பும், ஆகவே ஒன்றையும் அனுப்பவில்லை. எனக்கு அது பிழையாகத் தெரிந்தது, டேட்டாபேஸுக்கு அது நேர்மை. கேள்வியை 'இந்தப் புத்தகத்துக்கு ஒரு இரவல்கூட இல்லையென்றால்' என்று மாற்றி எழுதியபின் தூசி படிந்த மேல் தட்டு முழுக்கத் திரையில் வந்தது.

எண்களிலும் இப்படி ஒரு பள்ளம் உண்டு, சுருக்கமாகச் சொல்கிறேன். டேட்டாபேஸில் பெரிய முழு எண்ணுக்கு எட்டு பைட் இடம் இருக்கிறது. உலாவியில் ஓடும் ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண எண் 9,007,199,254,740,992க்கு மேல் ஒவ்வொரு முழு எண்ணையும் பிரித்துக் காட்டாது. அதைத் தாண்டினால் கடைசி இலக்கம் சத்தமில்லாமல் மாறிவிடும். டிவிட்டர் 2010ல் தன் பதிவு எண்களைப் பெரிதாக்கியபோது, அதே எண்ணை எழுத்து வடிவிலும் சேர்த்து அனுப்பத் தொடங்கியது இதனால்தான். 49, 55 என்று எழுத்தாக வருவதை உடனே எண்ணாக மாற்றியே தீர வேண்டும் என்பதில்லை. கூட்டப் போவதில்லை என்றால் எழுத்தாகவே இருக்கட்டும்.

தூரமும் ஒரு விஷயம். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர் போகும். சென்னையில் புரோகிராம், மும்பையில் சர்வர் என்றால் நேர்கோட்டில் சுமார் ஆயிரம் கிலோமீட்டர். போக 5 மில்லிநொடி, வர 5 மில்லிநொடி. எவ்வளவு பணம் கொடுத்தாலும் இதற்குக் கீழே யாராலும் குறைக்க முடியாது. 200 உறுப்பினர் பட்டியலை ஒரு கேள்வியில் வாங்கி, பிறகு ஒவ்வொருவரும் எடுத்த புத்தகங்களைத் தனித்தனியாகக் கேட்டால் மொத்தம் 201 கேள்வி. ஒளியின் பயணத்துக்கு மட்டுமே இரண்டு நொடி. இரண்டு அட்டவணையையும் இணைத்து ஒரே கேள்வியாகக் கேட்டால் 10 மில்லிநொடி. கடைக்குப் போய் உப்பு வாங்கி வந்து, மறுபடி போய்ப் புளி வாங்கி வந்து, மறுபடி போய் மிளகாய் வாங்குகிற ஆளை வீட்டில் சும்மா விடுவார்களா? ஆனால் அப்படி எழுதிய புரோகிராம்கள் ஏராளம். எழுதுபவரின் மேசையிலேயே டேட்டாபேஸும் இருக்கும்போது இந்தத் தூரம் கண்ணில் படாது.

எழுதச் சொல்லும் கட்டளைகளுக்கு வரும் பதில் இன்னும் சின்னது. புத்தகம் திரும்பி வந்ததும் 'இந்தச் சீட்டு எண்ணின் இரவலை முடித்துவை' என்று அனுப்புகிறோம். 'அப்டேட் 1' என்று பதில் வந்தால் ஒரு வரிசை மாறியது. சீட்டு எண்ணைத் தவறாகத் தட்டியிருந்தால் 'அப்டேட் 0' என்று வரும். இது பிழை இல்லை, எஸ்க்யூஎல்லின் பார்வையில் ஒன்றையும் மாற்றாததும் வெற்றிதான். அந்த 0வைப் படிக்காத புரோகிராம் 'புத்தகம் பெறப்பட்டது' என்று திரையில் போடும். இரண்டு வாரம் கழித்து, திருப்பிக் கொடுத்த பையன் அபராதச் சீட்டோடு வந்து நிற்பான்.

பதிலே வராமல் போவதும் உண்டு. கட்டளை போய்விட்டது, அடுத்த நொடி இணைப்பு அறுந்துவிட்டது. நடந்ததா, நடக்கவில்லையா? இந்தப் பக்கத்தில் இருந்துகொண்டு அதைச் சொல்லவே முடியாது. கட்டளை போகும்போது அறுந்ததோ, பதில் திரும்பும்போது அறுந்ததோ, இரண்டும் ஒரே மௌனமாகத்தான் தெரியும். செல்பேசியில் பணம் அனுப்பிவிட்டு, சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டத்தைப் பார்த்தபடி நின்றவர்களுக்கு இது தெரியும். ஜிம் கிரே என்னும் டேட்டாபேஸ் அறிஞர் இந்தப் புதிருக்கு 1978ல் 'இரண்டு தளபதிகள்' என்று பெயரிட்டார். 1998ல் டூரிங் விருது பெற்ற அவர், 2007 ஜனவரியில் சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து தனியே பாய்மரப் படகில் போய்த் திரும்பவே இல்லை. மௌனத்தை உடைக்க வழி கிடையாது, ஆனால் அது தீங்கு செய்யாதபடி பார்த்துக்கொள்ளலாம். ஒவ்வொரு இரவலுக்கும் முன்பே ஒரு சீட்டு எண்ணைக் கொடுத்து, ஒரே எண் இரண்டு முறை ஏறக்கூடாது என்று டேட்டாபேஸிடம் சொல்லிவைத்தால், சந்தேகம் வந்தால் தைரியமாக மறுபடி அனுப்பலாம். முன்பே ஏறியிருந்தால் அது மறுத்துவிடும். அந்த மறுப்பே நமக்கு வேண்டிய பதில்.

90க்குப் பின்னால் வரும் ஒற்றை பைட்டைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். போஸ்ட்கிரஸுக்கு மாறிய சில நாளில், புரோகிராமின் புதிய பதிப்பை ஒரு மத்தியானம் நூலகத்தில் போட்டேன். மாலைவரை அதில் இரவல் பதிந்தார்கள். பதிந்ததெல்லாம் திரையில் சரியாகத் தெரிந்தது. இரவு எட்டு மணிக்குக் கணினியை அணைத்துவிட்டுப் போனார்கள். மறுநாள் காலை நூலகரிடமிருந்து போன்: "தம்பி, நேத்து மத்தியானத்துக்கு மேல போட்டது ஒண்ணையும் காணோமே?"

பைத்தானில் எழுதியிருந்தேன். அந்த மொழியில் டேட்டாபேஸோடு பேசுவதற்கென ஒரு பொது விதிமுறை உண்டு. அதன்படி முதல் கட்டளையோடு ஒரு டிரான்சாக்ஷன் தானாகவே திறந்துவிடும். நாம் கமிட் என்று சொல்லும்வரை எழுதியதெல்லாம் பென்சில் எழுத்து மாதிரி. எழுதிய அதே இணைப்புக்கு மட்டும் தெரியும். கமிட் சொல்லாமல் இணைப்பை மூடினால் அத்தனையும் அழிந்துவிடும். புதிய பதிப்பில் ஒரு வரியை இடம் மாற்றும்போது அந்தக் கமிட் விடுபட்டுப்போயிருந்தது. அன்று மத்தியானம் முழுக்க ஒவ்வொரு இரவலுக்கும் டேட்டாபேஸ் பதில் அனுப்பியிருக்கிறது, ஒவ்வொரு பதிலின் முடிவிலும் 90 வந்திருக்கிறது, அந்த 90இன் கடைசி பைட் 84ஆக இருந்திருக்கிறது. 84 என்றால், டிரான்சாக்ஷன் இன்னும் திறந்திருக்கிறது. 69 என்றால், திறந்த டிரான்சாக்ஷன் பிழையில் சிக்கி நிற்கிறது. 73 என்றால், ஒன்றும் திறந்திருக்கவில்லை, எல்லாம் முடிந்தது.

நான் அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் போனேன். நூலகர் என்னைத் திட்டவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து நீள நோட்டு ஒன்றை எடுத்து வைத்தார். கணினி வந்தபிறகும் அவர் கையால் எழுதுவதை விடவில்லை. நேற்றைய பக்கத்தில் நீல மையில் நாற்பத்தொரு பெயர், புத்தக எண், தேதி. அவர் ஒவ்வொன்றாக வாசிக்க நான் தட்டினேன். முடித்துக் கமிட் கொடுத்துவிட்டு, கம்பியில் வருவதை அப்படியே காட்டும் ஒரு கருவியைத் திறந்து பார்த்தேன். 67 என்று தொடங்கும் துண்டு, உள்ளே 'கமிட்' என்ற வாசகம். அதன்பின் ஆறு பைட்: 90, 0, 0, 0, 5, 73.